பிங் போகிறது, பக்கம் திறக்கவில்லை: நெட்வொர்க் வேலைக்கு வருமுன்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கைக்கு ஒரு டிக்கெட், அதாவது கோளாறு பற்றிய புகார், வந்தது. கிளை அலுவலகம் ஒன்றில் புது விபிஎன் இணைப்பு போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மெயில் போகிறது, ஃபைல் இணைத்தால் போகவில்லை. சில பக்கங்கள் திறக்கின்றன, சில பக்கங்கள் பாதியில் நிற்கின்றன என்று எழுதியிருந்தார்கள். நான் பிங் அடித்துப் பார்த்தேன், அதாவது மறுமுனைக்குப் பாக்கெட் எனப்படும் சிறு தரவுத் துண்டுகளை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்தேன். ஒரு பாக்கெட்கூடத் தொலையாமல் பதில் வந்தது. 'பிங் போகிறது, நெட்வொர்க்கில் பிரச்சினை இல்லை' என்று எழுதி டிக்கெட்டை மூடினேன். மறுநாள் திறந்தார்கள். மறுபடி மூடினேன். மூன்றாவது முறை திறந்தபோது என் சீனியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவர் செய்தது இவ்வளவுதான். அதே பிங்கை 1472 பைட் அளவில், வழியில் உடைக்கக் கூடாது என்ற குறியோடு அனுப்பினார். பதில் இல்லை. 1400 என்று குறைத்தார். இல்லை. 1372-க்கு வந்ததும் டக்கென்று பதில் வந்தது. "பார்த்தியா, குழாய் சின்னது" என்றார்.

ஈதர்நெட்டில் வழக்கமாக ஒரு பாக்கெட் 1500 பைட்டைத் தாண்டக் கூடாது. அதில் ஐபி தலைப்புக்கு, அதாவது முகவரி எழுதும் முன்பகுதிக்கு, 20, பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி தலைப்புக்கு 8 போக மிச்சம் 1472. விபிஎன் என்பது பாக்கெட்டை இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்பும் ஏற்பாடு. உறையும் இடம் எடுக்கும் இல்லையா? அந்த இணைப்பில் உள்ளே 1400 பைட்டுக்குத்தான் இடம் மிஞ்சியது. அதைவிடப் பெரிய பாக்கெட் உடைக்கக் கூடாது என்ற குறியோடு வந்தால் (டிசிபி பாக்கெட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் வரும்) ரவுட்டர் அதைக் கீழே போட்டுவிட்டு, அனுப்பியவருக்கு 'இது பெரிசு, சின்னதாக அனுப்பு' என்று ஒரு ஐசிஎம்பி செய்தி அனுப்பும். நடுவில் இருந்த ஃபயர்வாலில் யாரோ பாதுகாப்பு என்ற பெயரில் பிங்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐசிஎம்பி செய்திகளை எல்லாம் அடைத்து வைத்திருந்தார்கள். அதனால் அனுப்புகிற கணினிக்கு விஷயமே தெரியாது. அது பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டு காத்திருக்கும். நான் அடித்த பிங்கில் தரவு வெறும் 32 பைட். அது எந்தச் சந்திலும் நுழைந்து போய்விடும். ஃபைல் இல்லாத மெயில் போனதற்கும் அதே காரணம்தான்.

ஃபயர்வாலில் அந்தச் செய்தியைத் திறந்துவிட்டோம். கையோடு, தரவைத் தொலையாமல் கொண்டுசேர்க்கும் டிசிபி ஒரு தடவைக்கு எடுத்துச் செல்லும் துண்டின் அளவை 1360-க்குக் கட்டுப்படுத்தும் ஒரு வரியை ரவுட்டரில் போட்டார். 1400-ல் ஐபிக்கு 20, டிசிபிக்கு 20 கழித்தால் அதுதான் வரும். டிக்கெட் நான்காவது முறை திறக்கவில்லை.

இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். எந்த சர்ட்டிஃபிகேட் எடுக்கலாம்? இந்த வேலை இன்னும் எத்தனை வருஷம் இருக்கும்? இரண்டுக்கும் வருகிறேன். ஆனால் மேலே சொன்ன கதையில் எனக்கும் என் சீனியருக்கும் இருந்த வித்தியாசத்தை முதலில் பார்த்துவிடலாம். அந்த ஒரு வரிக் கட்டளை எனக்கும் தெரியும், பரீட்சைக்குப் படித்திருந்தேன். அவருக்கு ஒரு பாக்கெட்டின் பயணம் முழுசாக மனதில் ஓடியது. எந்த இடத்தில் அது செத்திருக்கும் என்று ஊகித்து, அந்த ஊகத்தை உடைக்க ஒரு சோதனை செய்தார். நெட்வொர்க் இன்ஜினியர் வேலை என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தக் காட்சிதான் ஞாபகம் வருகிறது.

இண்டர்வியூக்களில் சலிக்காமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. பிரவுசரில் ஒரு முகவரியை அடித்து எண்டர் தட்டினால் என்ன நடக்கும்? புதிதாக வருபவர்களில் பலரும், 'டிஎன்எஸ்ஸிடம் கேட்டு ஐபி முகவரியை எடுக்கும், அப்புறம் சர்வரோடு பேசும், பக்கம் வரும்' என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் கேட்பவர் விடமாட்டார். டிஎன்எஸ் சர்வர் எங்கே இருக்கிறது என்று லேப்டாப்புக்கு யார் சொன்னது?

கேபிளைச் செருகிய நொடியில் லேப்டாப்புக்கு முகவரியே கிடையாது. 'யாராவது எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்' என்று அந்த வலையில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தும். டிஹெச்சிபி சர்வர் ஒரு முகவரியை நீட்டும், லேப்டாப் அதையே கேட்டு வாங்கும், சர்வர் உறுதி செய்யும். மொத்தம் நான்கு செய்திகள். அதோடு மூன்று விஷயங்கள் கூடவே வரும்: சப்நெட் மாஸ்க் (எந்த முகவரிகள் நம் வலையைச் சேர்ந்தவை என்று காட்டும் எண்), கேட்வே (வெளியே போகும் வாசலான ரவுட்டர்), டிஎன்எஸ் சர்வரின் முகவரி. இப்போது டிஎன்எஸ்ஸிடம் கேட்க வேண்டும். அந்த சர்வர் நம் தெருவிலேயே இருக்கிறதா, வெளியூரா? மாஸ்க்கை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கும். வெளியூர் என்றால் பாக்கெட்டைக் கேட்வேயிடம் கொடுக்க வேண்டும். கேட்வேயின் ஐபி தெரியும், ஆனால் ஈதர்நெட்டில் ஆளைக் கூப்பிட மேக் முகவரி, அதாவது கருவியின் வன்பொருள் முகவரி, வேண்டும். அதனால் 'இந்த ஐபி யாருடையது, உன் மேக் என்ன' என்று ஏஆர்பி மூலம் மறுபடியும் ஒரு கத்தல். பதில் வந்த பிறகுதான் முதல் உருப்படியான பாக்கெட் லேப்டாப்பை விட்டே கிளம்பும்.

இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுவார்கள். கிளம்பிய அந்த பாக்கெட்டில், போய்ச் சேர வேண்டிய ஐபி முகவரி டிஎன்எஸ் சர்வருடையது. போய்ச் சேர வேண்டிய மேக் முகவரி கேட்வேயுடையது. ஒவ்வொரு ரவுட்டரும் வெளி உறையைக் கிழித்துவிட்டு, அடுத்த இடத்தின் மேக் போட்ட புது உறையில் வைத்து அனுப்பும். உள்ளே இருக்கும் ஐபி முகவரி, நடுவில் நாட் செய்யும், அதாவது முகவரியை மாற்றி எழுதும், பெட்டி எதுவும் மாற்றாதவரை, கடைசிவரை அப்படியே இருக்கும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் ஒரே வலைக்குள் கணினிகளை இணைக்கும் சுவிட்ச் ஏன் ஒரு மாதிரி நடந்துகொள்கிறது, வலைகளை ஒன்றோடொன்று இணைக்கும் ரவுட்டர் ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்பது தானாக விளங்கும். பிடிபடாவிட்டால் பத்து வருஷம் கட்டளைகளை மனப்பாடம் செய்துகொண்டே ஓட்டலாம். அப்படி ஓட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சப்நெட் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கென்று கால்குலேட்டர் இணையதளங்கள் எக்கச்சக்கமாக இருக்கின்றன, கையால் ஏன் போட வேண்டும் என்று கேட்பார்கள். ஒரு கணினிக்கு 192.168.10.70, மாஸ்க் 255.255.255.192, கேட்வே 192.168.10.1 என்று யாரோ கையால் அடித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்து மேசைக் கணினியோடு பேசுகிறது, வெளியே போகவில்லை. அந்த மாஸ்க் முகவரிகளை 64, 64 ஆகக் கூறுபோடும். 70 என்பது 64-லிருந்து 127 வரையிலான கூறில் விழுகிறது. கேட்வே இருப்பதோ 0-விலிருந்து 63 வரையிலான கூறில். வீட்டு வாசலே அடுத்த தெருவில் இருக்கிறது! போனில் ஒருவர் இந்த எண்களை வாசிக்கும்போதே காதில் இது உறுத்த வேண்டும். கையால் இருநூறு கணக்காவது போட்டவருக்குத்தான் உறுத்தும்.

இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அடிப்படைகள் இந்தத் துறையில் அழுகிப்போவதில்லை. ஐபியின் நான்காம் பதிப்பை வரையறுத்த ஆவணம் 1981-ல் வந்தது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று டிசிபி/ஐபிக்கு மாறியது. ஏஆர்பி 1982, டிஎன்எஸ் 1983. சுவிட்சுகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றிப் பாக்கெட்டை அனுப்பி வலையையே மூழ்கடிக்காமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயை ரேடியா பெர்ல்மன் 1985-ல் வடிவமைத்தார். இணையத்தின் பெரிய நிறுவனங்களுக்கு இடையே வழி சொல்லும் பிஜிபியை கிர்க் லாஹீடும் யாகோவ் ரெக்டரும் 1989-ல் சாப்பாட்டு மேசையில் நாப்கின் காகிதத்தில் வரைந்தார்கள் என்பது துறையில் எல்லோரும் சொல்லும் கதை. பிஜிபியின் பதிப்பு மாறியது, ஸ்பானிங் ட்ரீ வேகமானது, ஆனால் அன்றைக்கு இருந்த யோசனைதான் இன்றைக்கும் ஓடுகிறது. வெப் டெவலப்மெண்டில் இருக்கும் நண்பர்கள் வருஷத்துக்கு ஒரு புதுக் கருவி படிக்கும்போது, நாம் நாற்பது வயதான புரோட்டகாலை, அதாவது கணினிகள் பேசிக்கொள்ளும் விதிமுறையை, படித்துச் சம்பாதிக்கிறோம். சௌகரியம்தான்.

ஒரு பெரிய மாற்றம் நிஜமாகவே நடந்துகொண்டிருக்கிறது என்றால் அது ஐபிவி6. நான்காம் பதிப்பில் முகவரிக்கு 32 பிட். மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். உலக அளவில் பங்கிட்டுக் கொடுக்கும் அமைப்பான ஐயானாவிடம் இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் தீர்ந்தன. ஆறாம் பதிப்பில் 128 பிட். பாடத்திட்டத்தில் இது கடைசி அத்தியாயமாக வருவதால் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளாதீர்கள். முதலில் சொன்ன கதையின் ஃபயர்வால்காரர் மாதிரி ஐசிஎம்பியைக் கண்மூடித்தனமாக அடைத்தால் ஐபிவி6-ல் விளைவு இன்னும் மோசம். அதில் ஏஆர்பி கிடையாது, அந்த வேலையையும் ஐசிஎம்பிதான் பார்க்கிறது. நடுவழியில் ரவுட்டர்கள் பாக்கெட்டை உடைத்துக் கொடுப்பதும் கிடையாது.

சரி, வேலை நாள் எப்படி இருக்கும்? பாதி நேரம் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் இருப்பீர்கள். அப்ளிகேஷன் மெதுவாக இருக்கிறதா, நெட்வொர்க்தான் காரணம். டேட்டாபேஸ் தொங்குகிறதா, நெட்வொர்க்தான். 'எங்கள் பக்கம் எல்லாம் சரி' என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஆதாரம் வேண்டும்.

எனக்குத் தெரிந்து அடிக்கடி வருகிற ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஒரு அப்ளிகேஷனின் சர்வரை ஒரு கண்டத்திலும் டேட்டாபேஸை இன்னொரு கண்டத்திலும் வைத்துவிடுகிறார்கள். நேற்றுவரை ஒரு நொடியில் திறந்த அறிக்கை இன்றைக்கு இருபது நொடி எடுக்கிறது. 'பேண்ட்வித்தைக் கூட்டுங்கள்' என்று கேட்பார்கள். ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 10,000 கிலோமீட்டர் தூரம் என்றால் போக 50 மில்லிசெகண்ட், வர 50. ஒரு கேள்வி பதிலுக்குக் குறைந்தது 100 மில்லிசெகண்ட். அந்த அறிக்கை டேட்டாபேஸிடம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக 200 கேள்வி கேட்கிறது என்று பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தால் தெரியும். 200 தடவை 100 மில்லிசெகண்ட், இருபது நொடி. குழாயை நூறு மடங்கு அகலமாக்கினாலும் ஒளி வேகமாகப் போகாது. இதை அப்ளிகேஷன் ஆட்களிடம் அவர்கள் முகம் சுளிக்காமல், படம் போட்டு, எண்ணோடு சொல்லத் தெரிவதும் வேலையில் சேர்த்திதான். சொல்லப்போனால் சம்பள உயர்வு பெரும்பாலும் இந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

ஆதாரத்தைப் பிடிக்கும் கருவி வயர்ஷார்க். 1998-ல் ஜெரால்ட் கோம்ஸ் ஈத்தீரியல் என்ற பெயரில் வெளியிட்டார், 2006-ல் பெயர் மாறியது. இலவசம். வேலைக்கு வருமுன் ஒரே ஒரு கருவிதான் கற்க நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன்.

மீதிப் பாதி நேரம் ஓடிக்கொண்டிருக்கும் வலையில் மாற்றம் செய்வது. இதில் ஒரு விசித்திரம் உண்டு: நீங்கள் எந்த வலையைத் திருத்துகிறீர்களோ அதே வலை வழியாகத்தான் அந்தப் பெட்டிக்குள் நுழைந்திருப்பீர்கள். உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவது இங்கே தினசரி சாத்தியம்.

நான் வெட்டியிருக்கிறேன். தூரத்துக் கட்டிடத்தில் ஒரு சிஸ்கோ சுவிட்ச். ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனித்தனி வலைகளுக்கு விலான் என்று பெயர். பல விலான்களைச் சுமக்கும் அதன் ட்ரங்க் போர்ட்டில் விலான் 10-ம் 20-ம் போய்க்கொண்டிருந்தன. புதிதாக 30-ஐச் சேர்க்க வேண்டும். 'சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் விலான் ஆட் 30' என்று அடிக்க வேண்டியதில் 'ஆட்' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டேன். அந்தச் சொல் இருந்தால் பட்டியலில் 30 சேரும். இல்லாவிட்டால் பட்டியலே 30 மட்டும்தான் என்று ஆகிவிடும். 10-ம் 20-ம் போயின. என் இணைப்பு வந்துகொண்டிருந்ததே 10 வழியாகத்தான். திரை உறைந்தது. அடித்ததைத் திருத்த வழியில்லை, ஏனென்றால் அடிக்க வழியில்லை. கான்ஃபிகை, அதாவது பெட்டியின் அமைப்புகளை, இன்னும் சேவ் செய்யாதது என் அதிர்ஷ்டம். அந்தக் கட்டிடத்தில் இருந்த ஒருவரைப் போனில் பிடித்து, எந்த ரேக், மேலிருந்து எத்தனையாவது பெட்டி என்று விளக்கி, மின்சாரத்தைப் பிடுங்கிப் போடச் சொன்னேன். பழைய கான்ஃபிகோடு சுவிட்ச் எழுந்து வந்தது. அந்தப் பதினோரு நிமிடமும் என் கை சில்லிட்டுப் போயிருந்தது.

அன்றைக்கு மாலை கற்றுக்கொண்டது: இந்த மாதிரி மாற்றத்துக்கு முன்னால் பெட்டியிடம் 'பத்து நிமிடத்தில் ரீலோடு ஆகிவிடு' என்று சொல்லி வைக்கலாம். எல்லாம் நன்றாக நடந்தால் அதை ரத்து செய்துவிட வேண்டும். நாம் வெளியே தள்ளப்பட்டால் பெட்டி தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஜூனிப்பர் பெட்டிகளில் இதைவிட நாகரிகமான வசதி இருக்கிறது. 'கமிட் கன்ஃபர்ம்டு' என்று கொடுத்துவிட்டுக் குறித்த நேரத்துக்குள் மறுபடி உறுதி செய்யாவிட்டால், ரீலோடு இல்லாமலே மாற்றம் தானாகப் பின்வாங்கும்.

பெரிய இடங்களிலும் இதே கிளைதான் முறிகிறது, மரம் மட்டும் பெரிது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எல்லாம் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போயின. முதுகெலும்பு வலையில் எவ்வளவு கொள்ளளவு இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கொடுத்த ஒரு கட்டளை, டேட்டா சென்டர்களுக்கு இடையிலான இணைப்புகளை மொத்தமாகத் துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுத்து நிறுத்த வேண்டிய தணிக்கைக் கருவியில் ஒரு பிழை இருந்தது. டேட்டா சென்டர்களோடு பேச முடியாத டிஎன்எஸ் சர்வர்கள், 'நாங்கள் ஆரோக்கியமாக இல்லை' என்று முடிவு செய்து, தங்களை அடையும் வழிகளை பிஜிபியிலிருந்து தாங்களே விலக்கிக்கொண்டன. சரி செய்ய வேண்டியவர்கள் பயன்படுத்தும் உள்கருவிகளும் அதே வலையை நம்பித்தான் இருந்தன. ஆட்கள் நேரில் போய், கடுமையான பாதுகாப்பைத் தாண்டி உள்ளே நுழைந்து, பெட்டியைத் தொட்டு வேலை செய்ய வேண்டியதாயிற்று. மாற்று வழி, அதாவது முக்கிய வலையைச் சாராத தனிக் கன்சோல் இணைப்பு, ஏன் வேண்டும் என்று யாராவது பட்ஜெட் கூட்டத்தில் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லலாம்.

இன்னொன்று 2008 பிப்ரவரி 24. பாகிஸ்தானில் யூடியூபை அடைக்கும்படி வந்த உத்தரவை நிறைவேற்ற, பாகிஸ்தான் டெலிகாம் யூடியூபின் முகவரித் தொகுதியில் ஒரு சிறு துண்டுக்குத் தன் வலைக்குள் பொய் வழி போட்டது. அந்த வழி வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது 1024 முகவரிகள் கொண்ட தொகுதி. கசிந்தது அதற்குள் அடங்கிய 256 முகவரிகள் கொண்ட தொகுதி. ரவுட்டர்களுக்கு ஒரே விதி: இரண்டு வழி இருந்தால் சிறிய தொகுதிக்கான வழிக்கே முன்னுரிமை. அவ்வளவுதான், உலகத்தின் பல பகுதிகளிலிருந்து யூடியூபுக்குக் கிளம்பியவர்கள் எல்லாம் முட்டுச்சந்தில் போய் நின்றார்கள். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட வராத விதி இது. ஆனால் பிஜிபி இன்னும் பெருமளவுக்கு ஒருவர் சொல்வதை மற்றவர் நம்புவதில்தான் ஓடுகிறது என்பதை இதைவிடப் பச்சையாகக் காட்டும் சம்பவம் இல்லை.

இதனால்தான் மாற்றங்கள் நள்ளிரவுக்குத் தள்ளப்படுகின்றன. மெயின்டனன்ஸ் விண்டோ என்பார்கள். இரவு ஒரு மணிக்கு ஆரம்பித்து நான்குக்குள் முடிக்க வேண்டும். மூன்று மணிவரை சரியாகவில்லை என்றால் பழையபடி திருப்பிவிட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்போம். என்னென்ன வரி அடிக்கப் போகிறோம், ஒவ்வொன்றுக்கும் பின் எதைப் பார்த்துச் சரி என்று முடிவு செய்வோம், திருப்ப என்ன அடிப்போம் எல்லாம் காகிதத்தில் இருக்கும். வலை வேலைக்கு எழுத்து வேண்டாம், டைப்பிங் வந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தக் காகிதத்தை ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும். இரவு விழிப்பும், முறை வைத்து ஆன்-கால் இருப்பதும் பல இடங்களில் சம்பளத்தோடு சேர்ந்து வருகிற விஷயங்கள். உடம்புக்கும் வீட்டுக்கும் இது ஒத்துவருமா என்று வேலைக்குச் சேரும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. சேரும்போது யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

எங்கே ஆரம்பிப்பது? பெரும்பாலோர் ஆரம்பிப்பது நாக் எனப்படும் கண்காணிப்பு மையத்தில், அல்லது ஹெல்ப் டெஸ்க்கில். ஷிஃப்ட் வேலை. திரையில் சிவப்பு விழுந்தால் பார்ப்பது, டிக்கெட் போடுவது, மேலே அனுப்புவது. கௌரவக் குறைச்சல் என்று நினைக்க வேண்டாம். வேறு எங்கும் ஒரே வருஷத்தில் இத்தனை விதமான கோளாறுகளைப் பார்க்கக் கிடைக்காது. ஒரு பக்கம் வேகத்தையும் ஃபுல் டூப்ளெக்ஸையும் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிவது) கையால் கட்டி வைத்து, மறுபக்கம் ஆட்டோவில் விட்டால், ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) போய் உட்காரும். லைட் பச்சையாக எரியும், பிங் போகும், ஃபைல் மட்டும் ஆமை வேகத்தில் நகரும். இப்படிப்பட்டதை எல்லாம் நாக்கில்தான் பார்ப்பீர்கள். ஆபத்து என்னவென்றால், டிக்கெட்டை மேலே அனுப்பிவிட்டு மறந்துபோகும் பழக்கம். அனுப்பிய டிக்கெட்டை மேலே இருப்பவர் எப்படி மூடினார் என்று மறுநாள் போய்ப் படிப்பவர் சீக்கிரம் மேலே போவார். இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தால் கொஞ்சம் கவலைப்படலாம்.

அங்கிருந்து வழிகள் பிரியும். அலுவலக வலை, இணைய சேவை நிறுவனம், டேட்டா சென்டர், வயர்லெஸ், செக்யூரிட்டி, கிளவுட், உபகரணம் தயாரிக்கும் நிறுவனத்தின் சப்போர்ட். ஓஎஸ்பிஎஃப், பிஜிபி என்று வழி கணக்கிடும் விஷயங்களில் ஆழமாகப் போக ஆசை இருந்தால் சேவை நிறுவனம்தான் நல்ல பள்ளிக்கூடம் என்பது என் கருத்து. மற்றதெல்லாம் வேலை பார்த்துத்தான் பிடிக்கிறதா என்று தெரியும்.

இப்போது சர்ட்டிஃபிகேட். சிஸ்கோவின் சிசிஎன்ஏ 1998-லிருந்து இருக்கிறது, மூன்று வருஷம் செல்லும். காம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ், ஜூனிப்பரின் ஜேஎன்சிஐஏ என்று மற்றவையும் உண்டு. ஆரம்பிப்பவருக்கு சிசிஎன்ஏ எடுக்கலாமா என்றால் எடுக்கலாம் என்றே சொல்வேன். ஒழுங்கான பாடத்திட்டம் கிடைக்கிறது, ஹெச்ஆர் கதவு திறக்கிறது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். 'டம்ப்' என்று கேள்வி பதில்களை உருட்டி மனப்பாடம் செய்து தேறியவர்கள் டெக்னிகல் ரவுண்டில் பத்து நிமிடம் தாங்குவதில்லை. மேலே சொன்ன அந்த மேக், ஐபி கேள்வியிலேயே விழுந்துவிடுவார்கள். உச்சியில் இருக்கும் சிசிஐஇ 1993-லிருந்து நடக்கிறது, எட்டு மணி நேர லேப் பரீட்சை. அதை முதல் இரண்டு வருஷத்தில் துரத்துவது வீண் என்று நினைக்கிறேன். உடைந்த வலைகளைப் பார்க்காமல் அந்த லேபில் உட்காருவது நீச்சலைப் புத்தகத்தில் படித்த மாதிரி.

லேப் போடப் பணம் தேவையில்லை. சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இலவசம், ஆரம்பத்துக்குப் போதும். அது நிஜப் பெட்டியின் மென்பொருள் அல்ல, நடிப்பு. அதனால் சில விஷயங்கள் அதில் வராது. அடுத்த கட்டத்துக்கு, நிஜப் பெட்டியின் மென்பொருளையே கணினியில் ஓடவிடும் ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி. லினக்ஸ் கொஞ்சம் பழக்கமானால் எஃப்ஆர்ஆர் என்ற இலவச ரவுட்டிங் மென்பொருளை வைத்து வீட்டுக் கணினியிலேயே நாலைந்து ரவுட்டர்களை ஓடவிட்டு பிஜிபி பேச வைக்கலாம். லேபில் ஒரே ஒரு விஷயத்தைச் செய்யுங்கள்: வேலை செய்ய வைத்ததும் நிறுத்திவிடாமல், வேண்டுமென்றே உடையுங்கள். ஒரு பக்கம் மாஸ்க்கை மாற்றுங்கள். எம்டியூவை, அதாவது பாக்கெட்டின் அதிகபட்ச அளவை, குறையுங்கள். ஒரே முகவரியை இரண்டு கணினிக்குக் கொடுங்கள். ஒவ்வொரு உடைப்பும் வெளியே எப்படித் தெரிகிறது என்று எழுதி வையுங்கள். அந்த நோட்டு எந்த சர்ட்டிஃபிகேட்டைவிடவும் உதவும்.

இரண்டாவது கேள்வி, வேலை இருக்குமா. 2008-ல், வலைப் பெட்டிகளை மையத்திலிருந்து மென்பொருளால் இயக்கும் ஓப்பன்ஃப்ளோ என்ற யோசனை வந்தபோதே, ரவுட்டர் கட்டளை தெரிந்தவனுக்கு இனி வேலையில்லை என்று பேசினார்கள். அப்புறம் கிளவுட் வந்தது, அப்போதும் அதே பேச்சு. கிளவுட்டுக்குள் போய்ப் பார்த்தால் அங்கேயும் சப்நெட், ரவுட் டேபிள், ஃபயர்வால் விதி, விபிஎன்தான். தொடுவதற்குப் பெட்டி இல்லை, அவ்வளவுதான். மறைந்துகொண்டிருப்பது ஒன்று உண்டு: நானூறு சுவிட்சுகளில் ஒரே வரியைக் கையால் அடிக்கும் வேலை. அதை மெஷின்தான் செய்ய வேண்டும். கைக்கு நானூறில் மூன்று இடத்திலாவது தப்பு வரும். பைத்தான் கொஞ்சம், பல பெட்டிகளில் ஒரே வேலையைத் தானாகச் செய்ய நெட்மிகோ அல்லது ஆன்சிபிள், மாற்றங்களைப் பதிவு வைக்க கிட். இவ்வளவும் இன்றைக்கு ஆரம்ப நிலை வேலைக்கே கேட்கிறார்கள். புரோகிராமர் ஆக வேண்டியதில்லை. நானூறு சுவிட்சிலிருந்து கான்ஃபிகை எடுத்து, எதில் 'விலான் 30 இல்லை' என்று ஒரு பட்டியல் தரும் முப்பது வரி ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தால் போதும், மற்றது தன்னால் வளரும். ஆனால் மெஷின் கையில் தப்பும் வேகமாகப் பரவும். என் 'ஆட்' விட்டுப்போன வரி ஒரு சுவிட்சைத்தான் கவிழ்த்தது; அதையே ஸ்கிரிப்டில் போட்டிருந்தால் நானூறும் கவிழ்ந்திருக்கும், மின்சாரத்தைப் பிடுங்கிப் போட நானூறு பேரைத் தேட வேண்டியிருந்திருக்கும்.

ஏஐ கேட்டால் கான்ஃபிக் எழுதித் தருகிறது, பெரும்பாலும் சரியாகவே தருகிறது. உங்கள் வலையில் எந்த விலான் வழியாக நீங்கள் உள்ளே நுழைந்திருக்கிறீர்கள் என்பது நீங்கள் சொல்லாதவரை அதற்குத் தெரியாது.

இன்றைக்கே ஏதாவது செய்து பார்க்க வேண்டும் என்றால் இது இருக்கிறது. வயர்ஷார்க்கை ஓடவிடுங்கள். லேப்டாப்பின் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள், அல்லது வைஃபையை அணைத்துப் போடுங்கள். ஒரு பக்கத்தைத் திறங்கள். நிறுத்துங்கள். ஆயிரம் வரி வந்து விழுந்திருக்கும், பயப்பட வேண்டாம், முதல் ஐம்பது போதும். டிஹெச்சிபி நான்கு வரியும் இருக்கிறதா, இல்லை இரண்டுதான் இருக்கிறதா? ஏற்கெனவே வாங்கிய முகவரியையே மறுபடி கேட்கும்போது இரண்டோடு முடிந்துவிடும். கேட்வேயைத் தேடும் ஏஆர்பி எது? டிஎன்எஸ் கேள்வி போன பாக்கெட்டில் மேக் யாருடையது, ஐபி யாருடையது? அதற்கு அப்புறம் டிசிபி இணைப்பைத் தொடங்கும் கைகுலுக்கலின் மூன்று பாக்கெட்டுகளைத் தேடுங்கள். தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பக்கம், டிசிபிக்குப் பதிலாக யுடிபி மேல் ஓடும் குவிக் என்ற புரோட்டகால் வழியாக வந்திருக்கலாம். அந்த வரிகளில் போர்ட் எண் 443 என்று இருக்கிறதா பாருங்கள்.